முயலுக்கெல்லாமா வைத்தியம்?

"ஒரு முயலுக்காடா இவ்ளோ அலையறீங்க?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் குறைந்தது இருபது பேராவது கேட்டிருப்பார்கள். பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமா, பால்காரர், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், என் கிளாஸ் பசங்க... யார் மேலும் கோபம் இல்லை. முதன்முதலில் அதைக் கேட்டவனே நான்தான் :-) ஆனால் இப்போது அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதில். பொறுமையாகப் படியுங்கள்.

முயலின் பெயர் பொரி. வெள்ளையாக, உருண்டையாக இருந்ததால் தங்கச்சி வைத்த பெயர். அவள் அடம்பிடித்தாள் என்று அப்பா 300 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தார். நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டைவிடத் தோட்டம் பெரிசு. மாமரத்தடியில் கூண்டு, காலையில் கேரட், மதியம் முட்டைக்கோஸ், சாயங்காலம் பிஸ்கட் (!) என்று ராஜ வாழ்க்கை. அந்த ராஜ வாழ்க்கைதான் அதன் தாடையைக் கெடுத்தது என்பது எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு நாள் தங்கச்சி தடவிக் கொடுக்கும்போது இடது தாடைக்குக் கீழே நிலக்கடலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஆயா பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, கட்டி. பழுக்கட்டும், தானா உடைஞ்சிடும்" என்று மஞ்சள் பத்து போட்டார். ஆயாவைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு முதுகில் கட்டி வந்தபோது இதே வைத்தியம்தான், பழுத்தது, உடைந்தது, ஆறியது. ஆனால் பொரிக்குப் பழுக்கவில்லை. பத்து நாளில் எலுமிச்சங்காய் அளவுக்கு வந்துவிட்டது.

தூக்கிக்கொண்டு ஒரு கால்நடை டாக்டரிடம் போனோம். எந்த ஊர், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். நல்ல மனுஷர், மாட்டுக்கும் ஆட்டுக்கும் கைராசிக்காரர். பிளேடால் கீறி, பிதுக்கி, மருந்து வைத்து, குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப்பை எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் பொரி சாப்பிடுவதை நிறுத்தியது. புழுக்கை போடுவதும் நின்றது. வயிறு உப்பி, மூலையில் சுருண்டு உட்கார்ந்து, பல்லை நறநறவென்று கடித்தது. குளிரில் கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். வலியில் முயல் அப்படித்தான் கடிக்கும் என்பதும் அப்புறம் தெரிந்ததுதான்.

நிற்க. கதையை அப்படியே விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்குப் பிறகு முயல் பார்த்துப் பழகிய வேறொரு டாக்டர் சொன்னதும், நான் உட்கார்ந்து படித்ததும் சேர்த்து நான்கு விஷயங்கள்.

1. முயலின் சீழ் நம் சீழ் மாதிரி கிடையாது

நமக்கோ நாய்க்கோ கட்டி வந்தால் உள்ளே சீழ் தண்ணியாக இருக்கும். ஒரு வழி கிடைத்தால் ஓடிவிடும். முயலுக்கு அது டூத்பேஸ்ட் மாதிரி, சில சமயம் பனீர் மாதிரி கெட்டியாக இருக்கும். சீழைக் கரைக்கும் நொதிகள் முயலின் வெள்ளணுக்களில் குறைவு என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அது தானாக வடியாது. போதாததற்கு, கட்டியைச் சுற்றி உடம்பே ஒரு தடித்த உறையைக் கட்டிவிடும். மாத்திரை, ஊசி எதுவும் அந்த உறையைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம். எனவே கீறிப் பிதுக்கினால் வீக்கம் குறைந்த மாதிரி தெரியும், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி நிரம்பிவிடும். "பழுத்து உடையட்டும்" என்று காத்திருப்பதில் முயலுக்கு லாபம் எதுவும் இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அது எலும்புக்குள் போகிறது.

ஊர் பாஷையில் சொன்னால், மேல்மண்ணை மட்டும் அள்ளிப்போட்டுவிட்டு நிலக்கரி எடுத்துவிட்டேன் என்று சொல்வது போலத்தான். உறையோடு சேர்த்து முழுசாக வெட்டி எடுப்பதுதான் சரியான வைத்தியம். அது முடியாத இடம் என்றால் கட்டியைத் திறந்து, சுத்தம் செய்து, ஓரத்தைத் தோலோடு தைத்து வாயைத் திறந்தே வைத்து, உள்ளிருந்து ஆறும்வரை தினமும் கழுவ வேண்டும்.

2. தாடையில் கட்டி என்றால் முதலில் பல்லைப் பார்க்க வேண்டும்

முயலுக்கு 28 பற்கள். இருபத்தெட்டும் சாகும்வரை வளரும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கிறது. நார் நிறைந்த புல்லை நாள் முழுக்க அரைத்துக்கொண்டே இருந்தால்தான் அது தேயும். கேரட்டும் பிஸ்கட்டும் போட்டால் தேயாது. மேலே வளர இடம் இல்லாத பல், கீழே வேர்ப்பக்கமாகத் தாடை எலும்பைக் குத்தும். கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பிலும் குத்தும். அங்கே கிருமி போகும், கட்டி வரும். வெளியே தெரிவது கட்டி, உள்ளே நோய் பல்வேர். எக்ஸ்ரே எடுக்காமல் தாடைக் கட்டிக்கு வைத்தியம் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்வது மாதிரி. பொரியின் எக்ஸ்ரேயில் ஒரு கடைவாய்ப்பல்லின் வேர் ஊசி மாதிரி கீழே இறங்கியிருந்தது. அந்தப் பல்லை எடுக்காமல் எத்தனை முறை கீறினாலும் கட்டி வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கார்ட்டூனில் கேரட் கடிக்கும் முயலைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். கேரட் முயலுக்கு மிட்டாய். எப்போதாவது ஒரு துண்டு, அவ்வளவுதான். அதன் சோறு புல். தோட்டத்தில் இலவசமாக வளர்ந்த அருகம்புல்லைச் செதுக்கி வெளியே போட்டுவிட்டு, காசு கொடுத்துக் கேரட் வாங்கினோம்.

3. நமக்கு நல்ல மருந்து, முயலுக்கு விஷம்

இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், செஃபலெக்ஸின், இவற்றையெல்லாம் முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. முயல் உயிர் வாழ்வதே அதன் பெருங்குடல் முனையில் இருக்கும் நல்ல கிருமிகளை நம்பித்தான். அவைதான் புல்லைச் சத்தாக மாற்றுகின்றன. இந்த மருந்துகள் அந்த நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி விஷத்தைக் கக்கும். கட்டியில் பிழைத்த முயல் மருந்தில் சாகும். பொரிக்குக் கொடுத்த சிரப் அமாக்ஸிசிலின். இரண்டாவது டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதை எத்தனை வேளை கொடுத்தீங்க?"

வேடிக்கை என்னவென்றால், அதே பென்சிலின் குடும்பத்து மருந்தில் சிலதைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டால் முயல் தாங்கிக்கொள்கிறது, தாடைக் கட்டிக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மருந்து மட்டுமல்ல, போகிற வழியும் முக்கியம். இது மெடிக்கல் ஷாப் கவுன்டரில் முடிவு செய்கிற விஷயம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

4. கட்டியைவிடப் பட்டினி சீக்கிரம் கொல்லும்

முயலின் குடல் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வலியில் சாப்பிடாமல் விட்டால் குடல் நின்றுவிடும். அரை நாள் சாப்பிடாத முயல் அவசர கேஸ். அதனால் வலிக்கு மருந்து கொடுப்பது செல்லம் கொஞ்சுவது இல்லை, அதுதான் வைத்தியத்தில் பாதி. ஆபரேஷனுக்கு முன்னாடி நாய் பூனையைப் பட்டினி போடுவார்கள், முயலை அப்படிப் போடக்கூடாது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, எனவே அந்தப் பயம் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் சாப்பிட வைக்க வேண்டும். சாப்பிடவில்லையா, ஊசி இல்லாத சிரிஞ்சில் தீவனத்தைக் கரைத்து வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.

மயக்க மருந்திலும் ஆபத்து உண்டு, மறைக்கவில்லை. 2008-ல் வெளியான ஒரு பெரிய பிரிட்டன் ஆய்வில் மயக்க மருந்து கொடுத்ததில் இறந்தவை நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். நாயைவிட எட்டு மடங்கு. ஆனால் அதையே திருப்பிப் படியுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் பிழைக்கின்றன. "முயலுக்கு மயக்க மருந்து கொடுத்தா செத்துடும்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அது நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் கதைதான்.

சரி, இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நம் ஊரில் முயலுக்கு வைத்தியம் சரியாக நடப்பதில்லை? டாக்டர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டப் போவதில்லை. இந்த ஊரில் முயல் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு என்றால் பண்ணைதான். நீலகிரி சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்திலும் முயல் வளர்க்கிறார்கள். சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் என்று இனங்கள். இறைச்சிக்கும் ரோமத்துக்கும். பண்ணையில் ஒரு முயலுக்குச் சீழ்க்கட்டி வந்தால் என்ன செய்வார்கள்? கூட்டத்திலிருந்து ஒதுக்கி, கழித்துவிடுவார்கள். வைத்தியச் செலவு முயலின் விலையைத் தாண்டும், மற்ற முயல்களுக்குத் தொற்றும் பயம் வேறு. அந்தக் கணக்கில் தப்பே இல்லை. முயலுக்கும் அதில் ஒரு நன்மை உண்டு, வாரக்கணக்கில் வலியில் கிடப்பதில்லை.

நாம் செய்கிற தப்பு இங்கேதான் இருக்கிறது. பண்ணைக் கணக்கில் பாதியை மட்டும் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். "300 ரூபா முயலுக்கு ஆயிரக்கணக்குல செலவா?" என்பது பண்ணைக் கேள்வி. சரி, அப்படியானால் பண்ணைக்காரர் மாதிரி அன்றைக்கே அதன் வலியை முடித்து வையுங்கள் என்றால், "ஐயையோ, பாவம்! வீட்டுல வளர்த்த ஜீவன்!" என்பது வீட்டுப் பதில். செலவுக்குப் பண்ணைக் கணக்கு, சாவுக்கு வீட்டுப் பாசம். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட முயல் மஞ்சள் பத்தோடு கூண்டு மூலையில் இருபது நாள் பட்டினி கிடந்து சாகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "எவ்ளோவோ பார்த்தோம், பொழைக்கல."

என் கருத்து இதுதான், ஒரே வரியில்: கட்டி வந்த முயலுக்கு முழு வைத்தியம் செய்யுங்கள், அல்லது டாக்டரிடம் வலியில்லாத முடிவைக் கேளுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக "பார்க்கலாம்" என்று ஒன்று கிடையாது.

இதைக் கிளாஸில் சொன்னபோது ஒருத்தன் நியாயமாக ஒரு கேள்வி கேட்டான். "மனுஷனுக்கே ஆஸ்பத்திரி செலவுக்குக் காசு இல்லாத வீடு எத்தனையோ இருக்கு. நீ முயலுக்கு ஆபரேஷன்னு பேசற. இது வசதிப்பட்டவன் பேச்சு இல்லையா?" யோசிக்க வைத்த கேள்வி. எங்களுக்கு எக்ஸ்ரே, ஆபரேஷன், மருந்து, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்கும் மேல் ஆனது. அப்பா முகம் கொஞ்சம் மாறத்தான் செய்தது. எல்லோரும் அவ்வளவு செலவு செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. வலியில்லாத முடிவுக்கு ஆபரேஷன் அளவுக்குச் செலவு ஆகாது. அதைவிட முக்கியம், வராமல் தடுக்க ஏறக்குறைய செலவே இல்லை. அருகம்புல், கோ-4 தீவனப்புல், காய வைத்த புல், இதுதான் மருந்து. வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பைசா செலவில்லை. நாங்கள் கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை.

சட்டமும் நம் பக்கம் விரலை நீட்டுகிறது. 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்குத் தேவையில்லாத வலி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. விலங்கின் விலை இவ்வளவுக்கு மேல் இருந்தால்தான் என்று அதில் இல்லை. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் நாய், பூனையோடு முயலும் பட்டியலில் இருக்கிறது. விற்கும்போது செல்லப்பிராணி, நோய் வந்தால் இறைச்சி முயல் என்று மாற்றிக்கொள்ள முடியாது.

இன்னொன்று. நெய்வேலியிலிருந்து வடலூர் எட்டிப் பிடிக்கிற தூரம். 1867-ல் வள்ளலார் அங்கே தொடங்கிய தருமசாலையில் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தைப்பூசத்துக்கு நாமெல்லாம் போய் சாப்பிட்டுவிட்டும் வருகிறோம். ஜீவகாருண்யம் என்று அவர் சொன்னதில் முதல் இடம் பசிக்குத்தான். பசி என்பது எந்த உயிருக்கும் பெரிய துன்பம் என்று நினைத்தவர் அவர். கட்டி வந்த முயலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். எதிரில் புல் இருக்கிறது, பசிக்கிறது, முகர்ந்து பார்க்கிறது, வாயில் வைக்கிறது, மெல்ல முடியாமல் கீழே போடுகிறது. மறுபடி முகர்கிறது. இதை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் "முயலுக்கெல்லாமா வைத்தியம்" என்று கேட்க மாட்டான். நானே கேட்டவன், அதனால் சொல்கிறேன்.

விட்ட கதைக்கு வருகிறேன். சிரப்பை நிறுத்தி, குடலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, நான்கு நாள் சிரிஞ்சில் ஊட்டி, பொரி கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன். வெயில் ஏறினால் முயல் தாங்காது என்று விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினோம். பல்லை எடுத்து, கட்டியைத் திறந்து சுத்தம் செய்து, புண் வாயைத் திறந்தே விட்டார்கள். அப்புறம் மூன்று வாரம் தினமும் இரண்டு வேளை கழுவ வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்த அப்பா, தூங்கப் போகும் முன் மடியில் துண்டை விரித்து உட்காருவார். தங்கச்சி பிடித்துக்கொள்வாள், நான் டார்ச் அடிப்பேன், அப்பா கழுவுவார். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும் என்று கூண்டைச் சுற்றிக் கொசுவலை. ஆறாயிரம் ரூபாய்க்கு முகம் மாறிய மனுஷன்தான், மூன்றாவது வாரம் "புண்ணு நல்லா செவந்துருக்கு பாரு, சீழே இல்ல" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் நன்றாக இருந்தது. தோட்டத்தில் ஒரு புல்லை விட்டு வைக்கவில்லை. பிறகு வலது பக்கம், கண்ணுக்குக் கீழே வீங்கியது. இந்தத் தடவை நாங்கள் பழுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை, மறுநாளே போய்விட்டோம். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார் டாக்டர். மேல்தாடையில் எலும்பே பாதி இல்லை. பல பற்களின் வேர் சேர்ந்தே கெட்டிருந்தது. இரண்டு வருஷக் கேரட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் வட்டி. "செய்யலாம், ஆனா அதுக்கு வலிதான் மிச்சம்" என்றார். அப்பா வெளியே போய் நின்றார். தங்கச்சிதான் முதலில் சரி என்று சொன்னாள். முதலில் மயக்க ஊசி, பிறகு அடுத்தது. அவள் மடியிலேயே.

முதல் தடவை ஆபரேஷன், இரண்டாவது தடவை அந்த ஊசி. இரண்டுமே வைத்தியம்தான் என்று நான் நம்புகிறேன். முதல் கட்டிக்கு நாங்கள் வீணாக்கிய அந்தப் பதினைந்து நாளை மட்டும்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூண்டு இன்னும் மாமரத்தடியில் காலியாக இருக்கிறது. தங்கச்சி இன்னொரு முயல் கேட்கிறாள். அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்: "மொதல்ல புல்லு வளரு. அப்புறம் முயலைப் பத்திப் பேசு." தோட்டத்தில் இப்போது ஒரு பாத்தி கோ-4 வளர்ந்துகொண்டிருக்கிறது.

பி.கு: முயல் வைத்திருப்பவர்களுக்கு. வாரம் ஒரு முறை தாடையை இரண்டு பக்கமும் விரலால் தடவி, ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாயோரம் எச்சில் ஈரம், ஒரு கண்ணில் மட்டும் நீர், கெட்டியான உணவை முகர்ந்துவிட்டு விடுவது, புழுக்கை சின்னதாவது, இதெல்லாம் கட்டி வெளியே தெரிவதற்கு முன்பே பல் கொடுக்கும் எச்சரிக்கை. டாக்டரிடம் போனால் "முயல் பார்த்திருக்கிறீர்களா, பல் எக்ஸ்ரே எடுக்க முடியுமா" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போன் போட்டு விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் மிச்சம் இருக்கும் சிரப்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.